புதுமனையில் ஓய்வு யாருக்குரியது?

எம்மவர் வாழ்வில் வீடு கட்டிக் குடிபுகுதல் என்பது திருமணத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் பெருங்காரியமாகும். நாட்கல் வைத்தல், நிலை வைத்தல், கூரை ஏற்றுதல் என ஒவ்வொரு கட்டமும் நாளும் கோளும் பார்த்தே நிகழ்த்தப்படுகின்றது. ஆகாத மாதங்கள் விலக்கப்பட்டு, நல்லதொரு முகூர்த்தத்தில் கணபதி ஹோமமும் வாஸ்து சாந்தியும் நிறைவேற, சுவாமி படமும் நிறைகுடமும் குத்துவிளக்கும் முதலில் உள்ளே செல்லும். உப்பு, மஞ்சள், நெல் என்பன பின்தொடரும். பசுவும் கன்றும் வாசலால் வந்து போகும். புதிய அடுப்பிற் பால் பொங்கும்போது கூடியிருப்போர் அது பொங்கிய திசையை நோக்கிப் பலன் சொல்வர். மத்தியானம் சுற்றத்தார் யாவரும் உண்டு, வெற்றிலை போட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து வாழ்த்தி விடைபெறுவர்.

குடிபூரல் பற்றிச் சாத்திரங்கள் நிறையவே கூறுகின்றன. அதற்கு மறுநாட் காலை பற்றி எவரும் அதிகம் கூறுவதில்லை. விருந்தினர் போய், வாசலில் நட்ட வாழை வாடி, தோரணம் கழற்றப்பட்ட பின்னர்தான் அவ்வீட்டில் ஒரு குடும்பம் எழுந்து, சமைத்து, உண்டு, உறங்கி வாழத் தொடங்குகின்றது. அந்த வாழ்வின் இடைவெளிகளில் அவரவர் தமக்கு விருப்பமான ஏதோவொன்றைச் செய்கின்றனர். அல்லது செய்ய முடியாதிருக்கின்றனர். பூச்செடி வைத்தல், புறா வளர்த்தல், பட்டம் கட்டுதல், வாசித்தல், வானொலியிற் பாட்டுக் கேட்டல், கடதாசி விளையாடுதல் என்பன சிறிய விடயங்களாகவே தோன்றும். கோவில் மலரிலே வைத்து ஆராய இதில் என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணவும் கூடும். ஆயினும் ஒரு வீட்டில் ஓய்வு யாருக்குக் கிடைக்கின்றது, அது யாருடைய உழைப்பினாற் கிடைக்கின்றது என்பது இல்லறத்தின் வேரைத் தொடுகின்ற கேள்வியாகும்.

திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தான் பேண வேண்டியவற்றை ஐந்தாக வகுக்கின்றது. பிதிரர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரோடு ஐந்தாவதாகத் தன்னையும் பேணுதல் அங்கு சொல்லப்படுகின்றது. பிரசங்கம் செய்வோர் முதல் நான்கையும் விரித்துரைத்து ஐந்தாவதை விரைவாகக் கடந்து விடுவதே வழக்கம். தன்னைப் பேணுதல் தன்னலமாகி விடுமோ என்ற கூச்சம் அதற்குக் காரணமாகலாம். ஆனால் வள்ளுவர் அதனைக் கடமைகளின் வரிசையிலேயே வைத்துள்ளார். தான் இருந்தாலன்றி ஏனைய அறங்களைச் செய்யவியலாது, ஆகையால் தன்னைக் காத்தலும் அறமே என்று பரிமேலழகர் அதற்கு நியாயமும் கூறுகின்றார். உண்பதும் உடுப்பதும் மட்டும் ஒருவரைக் காத்துவிடாது. மனம் இளைப்பாறுவதும் அதில் அடங்கும்.

அவ்வாறாயின் அந்தத் ‘தான்’ என்பது யார்? உரைகள் இல்வாழ்வானை முன்னிறுத்திப் பேசுகின்றன. வீட்டில் வசிப்பவரோ ஒருவரல்லர். மனைவிக்கும் ஒரு ‘தான்’ உண்டு; முதுமையில் ஒரு மூலையில் இருக்கின்ற ஆச்சிக்கும் உண்டு; ஏழு வயதுப் பிள்ளைக்கும் உண்டு. ஐந்தாவது கடமை குடும்பத்தில் ஒருவருக்கு மாத்திரம் நிறைவேறி ஏனையோருக்கு நிறைவேறாதிருப்பின் அந்த இல்லறம் நிறைவுபெற்றதாகுமா என்பதே இங்கு நோக்கத்தக்கது.

எம்மவரின் பழைய நாற்சார் வீடுகளில் வேலைக்கும் ஓய்வுக்கும் வெவ்வேறு இடங்கள் இருக்கவில்லை. நடுமுற்றத்தின் ஒருபுறம் நெல் காயும். மறுபுறம் கிழவிமார் ஓலை வார்ந்து பெட்டி இழைப்பர். பெண்பிள்ளைகள் கொக்கான் வெட்டுவர். பையன்கள் வெளியே கிட்டி அடிப்பர், தாச்சி மறிப்பர். ஆண்களின் ஓய்வு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. வாசிகசாலையிற் பத்திரிகை, சந்தியில் அரசியல், கோவில் மடத்திற் கந்தபுராண படனம், மர நிழலில் முந்நூற்று நாலு என்று அது பலவகைப்பட்டது. பெண்களின் ஓய்வுக்கோ எப்போதும் கையில் ஒரு வேலை இருந்தது. பன்னவேலை செய்தபடி கதைப்பார்கள். மிளகாய் இடித்தபடி சிரிப்பார்கள். அதனை ஓய்வு என்பதா வேலை என்பதா என்று அன்று எவரும் கேட்டதில்லை. அதற்காக அக்காலத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதும் பொருந்தாது. நாற்சார் வீடு எல்லோருக்கும் இருக்கவில்லை. கொட்டிலில் வாழ்ந்தோரே பலர். அந்த முற்றத்துக்குள் வருவதற்கு அனுமதிக்கப்படாதோரும் அதே ஊரிலேதான் வாழ்ந்தனர்.

இன்றைய வீட்டின் அமைப்பு வேறு. விறாந்தை, ஹோல், சாப்பாட்டறை, குசினி, சுவாமியறை, இரண்டு மூன்று படுக்கையறைகள், அறையோடு சேர்ந்த குளியலறை என அது விரிகின்றது. சாணத்தால் மெழுகிய நிலத்தைக் கிழமைக்கு ஒருதரம், வெள்ளிக்கிழமையை முன்னிட்டு மெழுகினாற் போதும். வெள்ளை டைல்ஸ் பதித்த நிலமோ நாளுக்கு இருமுறை துடைக்கப்பட வேண்டும். தவறினால் ஒவ்வொரு காலடியும் தெரியும். ஒரு மலசலகூடம் இருந்த இடத்தில் இரண்டு மூன்றைக் கழுவ வேண்டும். கண்ணாடி யன்னல், அலங்கார அலுமாரி, மின்விசிறி யாவற்றிலும் தூசு படியும். மோட்டரும் கிரைண்டரும் சலவை இயந்திரமும் வந்து உடல் வருத்தத்தைக் குறைத்தன என்பதை மறுக்க முடியாது. துலாவில் தண்ணீர் அள்ளிய தலைமுறைக்கு அதன் அருமை நன்கு தெரியும். எனினும் நாலு பெண்கள் பகிர்ந்து செய்த வேலைகள் இன்று தனிக் குடும்பத்தில் ஒருத்தியின் தலையில் வந்து சேர்ந்துள்ளன. வேலை இலகுவாகியது, வேலைகளின் தொகை கூடியது.

வாஸ்து பார்ப்போர் குசினி அக்கினி மூலையில் அமைந்துள்ளதா என்று கவனமாகப் பார்ப்பர். அந்தக் குசினிக்குள் யார் நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் நிற்பார் என்பதை வீட்டுப் படம் கீறுகின்ற நேரத்தில் எவரும் பார்ப்பதில்லை. காற்று வருமா, புகை போகுமா, அங்கே இருந்து இளைப்பாற ஒரு வாங்கு போட இடமுண்டா என்பவை பேசப்படுவதில்லை. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இந்தக் குறை நன்றாக வெளிப்பட்டது. அழகிய புதுக் குசினிகளிற் புகைக்கூடு இல்லாமையால் வளவின் பின்புறத்தில் தகரம் சாய்த்து மூன்று கல் வைத்து மீண்டும் விறகு எரிக்க வேண்டியதாயிற்று.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கணவர் அரசாங்க உத்தியோகத்தர், மனைவி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். கடன்பட்டுக் கட்டிய வீடு. குடிபுகுந்து ஓராண்டு ஆகின்றது. கணவர் நல்லவர். குடிப்பதில்லை, சம்பளம் முழுவதும் வீட்டுக்கு வருகின்றது. அவருக்குக் குரோட்டன், அந்தூரியம் என்றால் உயிர். மாலையில் வந்ததும் சாரத்தை மாற்றிக்கொண்டு, சாடிகளுக்கு நீர் ஊற்றி, இலைகளைத் துடைத்து, பதியம் வைத்து இருட்டும் வரை அதிலேயே மூழ்கியிருப்பார். வருவோர் யாவரும் அந்தப் பூந்தோட்டத்தைப் பாராட்டுவர். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் மூன்று நண்பர்கள் வருவார்கள். விறாந்தையில் முந்நூற்று நாலு நடக்கும். துரும்பு கேட்கின்ற சத்தம் ஒழுங்கை வரை கேட்கும். அந்தப் பொழுதில் மூன்று தடவை தேநீரும் ஒரு தட்டு வடையும் உள்ளே இருந்து வரும். மனைவியும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு நேரம் நின்று படிப்பித்தவர்தான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ரியூசனுக்கு ஏற்றி இறக்கல், உடுப்புத் தோய்த்தல், இரவுக்குப் புட்டு, மறுநாளுக்குத் தேங்காய் என்று அவரது நாள் நீள்கின்றது. திருமணத்துக்கு முன்னர் அவர் வீணை பழகியவர். அந்த வீணை புதுவீட்டின் ஹோலில் உறை போடப்பட்டு, பார்ப்போர் கண்ணிற் படும்படியாக அழகாக வைக்கப்பட்டுள்ளது.

இவ்வீட்டில் எவரும் கெட்டவரல்லர். சண்டையில்லை, அடிதடியில்லை. கேட்டால் இருவரும் மகிழ்ச்சியாக இருப்பதாகவே கூறுவர். கொடியவன் ஒருவன் இருக்கின்ற இடத்தில் அறம் எது என்று சொல்வது எளிது. யாவரும் நல்லவராக இருக்கையில், நாளாந்தப் பழக்கத்துள் மறைந்து கிடக்கின்ற அநீதியைக் காண்பதுதான் கடினம். இது ஒரு வீட்டுக் கதையுமல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் முதன்முறையாக நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும், ஊதியமற்ற வீட்டு வேலையின் பெரும்பங்கு பெண்களையே சார்ந்திருப்பதைக் காட்டியது.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் மறுமொழி, வேலை முடிந்த பின் ஓய்வெடுப்பதை யார் தடுத்தார் என்பதாகும். கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கின்றது. மடியின்மை என ஓர் அதிகாரமே வகுத்துச் சோம்பலைக் கடிந்தவர் வள்ளுவர். செய்ய வேண்டியதை விட்டுவிட்டு இன்பம் தேடுவது எவருக்கும் தகாது. ஆனால் அலுவலக வேலை நாலரை மணிக்கு முடிகின்றது. தோட்ட வேலை பொழுது பட முடிகின்றது. வீட்டு வேலை எப்போது முடிகின்றது? கழுவிய கோப்பை மறுபடி அழுக்காகும். கூட்டிய முற்றத்தில் வேப்பிலை விழும். உண்ட வயிறு ஐந்து மணித்தியாலத்திற் பசிக்கும். ஒருபோதும் முடியாத வேலையைச் செய்பவரிடம், முடித்துவிட்டு ஓய்வெடு என்று கூறுவது ஓய்வெடுக்காதே என்று கூறுவதற்குச் சமமாகும். ஆகவே ஓய்வு என்பதை வேலை முடித்தோருக்கான பரிசாக வைத்திருக்கும் வரை அது சிலருக்கு என்றுமே கிட்டாது. சோறு எவ்வாறு இருப்பதைக் கொண்டு பங்கிடப்படுகின்றதோ, அவ்வாறே ஓய்வும் பங்கிடப்பட வேண்டியதொன்று. பானையில் நிறையும் வரை காத்திருந்து எவரும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில்லை.

இன்னொரு மறுமொழி இதைவிட ஆழமானது. தாய்க்குச் சமைத்துப் போடுவதே இன்பம், பிள்ளைகள் உண்பதைப் பார்ப்பதே அவளுக்கு ஓய்வு என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. அன்போடு செய்கின்ற தொண்டு சுமையாவதில்லை என்பதைச் சைவம் நன்கறியும். திருப்புகலூர் முருக நாயனாருக்குப் பூக் கொய்வதும் மாலை தொடுப்பதும் தொண்டாகவும் இன்பமாகவும் ஒருங்கே இருந்தன. சமையலில் உண்மையாகவே மகிழ்கின்ற பெண்களும் உளர், ஆண்களும் உளர். ஆனால் இன்பம் எது, கட்டாயம் எது என்று பிரித்தறிய ஒரு வழியுண்டு. குரோட்டனுக்கு ஒருநாள் நீர் ஊற்றாது விட்டால் வீட்டில் எவரும் குறை சொல்வதில்லை. இரவுச் சாப்பாடு ஒருநாள் இல்லையென்றால் வீடே கலங்கும். விரும்பினாற் செய்யலாம், விரும்பாவிடின் விடலாம் என்ற நிலை இருக்கும்போதுதான் ஒன்று பொழுதுபோக்கு எனும் பெயரைப் பெறும். விடமுடியாத ஒன்றை ஒருத்தி சிரித்த முகத்தோடு செய்கின்றாள் என்பது அவளது பெருந்தன்மையைக் காட்டலாம். ஓய்வின் பங்கை அவள் பெற்றுவிட்டாள் என்பதற்கு அது சான்றாகாது.

பெண்களின் விளையாட்டையும் ஓய்வையும் சைவ மரபு சிறுமைப்படுத்தியதில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மாணிக்கவாசக சுவாமிகள் திருவாசகத்தில் எடுத்தாண்ட வடிவங்களைப் பார்க்குமிடத்து இது தெளிவாகும். திருவம்மானை பெண்கள் காய்களை எறிந்து பிடிக்கின்ற விளையாட்டிலிருந்து வந்தது. திருப்பூவல்லி பூக் கொய்யும்போது பாடுவது. திருச்சாழல் பெண்கள் எதிரெதிர் நின்று வினாவும் விடையுமாக ஆடுவது. திருப்பொன்னூசல் ஊஞ்சலாடும் பாட்டு. திருப்பொற்சுண்ணமோ உரலைச் சுற்றி நின்று வாசனைப் பொடி இடிக்கும்போது பாடுவது. மார்கழியில் ஆலயந்தோறும் ஓதப்படுகின்ற திருவெம்பாவையிலும் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பி நீராடச் செல்கின்றனர். பெரும் தத்துவங்களைச் சொல்வதற்கு அரச சபையையோ போர்க்களத்தையோ தேடாமல், முற்றத்தில் ஊஞ்சலாடும் பெண்களின் குரலை அவர் தேர்ந்துகொண்டார். இன்று அப்பாடல்களை அருமையாகப் பாடுகின்ற எத்தனையோ பெண்கள் எம் கிராமங்களில் உளர். ஊஞ்சலாட நேரமுள்ளவர்கள் எத்தனை பேர்?

வீட்டின் அளவுக்கும் ஓய்வுக்கும் இடையில் இன்னுமொரு தொடர்புண்டு. அது கடன். போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்த பின், மீள்குடியேறிய குடும்பங்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா மானியம் கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டைக் கட்டுவிக்கும் பொறுப்பு அக்குடும்பங்களிடமே இருந்தது. இருபது வருடம் கூடாரத்திலும் கொட்டிலிலும் இருந்தவர்கள் கட்டுவதைச் சற்றுப் பெரிதாகக் கட்ட ஆசைப்பட்டது இயல்பே. அதனைப் பிழையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மானியம் அத்திவாரத்தோடும் சுவரோடும் கரைய, மிகுதிக்குத் தாலிக்கொடி அடகுக்குப் போனது. சீட்டுக் காசு போனது. வீடு வீடாக வந்த நுண்கடன் கம்பனிகளிடம் கையெழுத்திடப்பட்டது. கிழமைக்கொரு நாள் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதைத்த பெண்கள் பலர். 2018 ஆம் ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது வளர்ந்தது. ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டியவர் அவ்வறையில் இருந்து இளைப்பாற வேண்டிய பத்து வருட மாலைப் பொழுதுகளைக் கடனுக்காக உழைப்பதிற் கழிக்க நேர்ந்தால், அந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது?

இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றை எல்லோரும் அறிவர். மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியவருக்கு அமுது படைக்க, அன்று விதைத்த நெல்லையே வாரி வந்தவர் அவர். விறகில்லாதபோது வீட்டின் கூரை மரத்தையே அறுத்துக் கொடுத்தார். விருந்தோம்பலின் எல்லைக்கு அவ்வரலாறு உதாரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். அதே வரலாற்றில் வீடு என்பது மனிதருக்குப் பயன்பட இருக்கின்றது, மனிதர் வீட்டுக்குப் பயன்பட அல்லர் என்ற தெளிவும் இருக்கின்றது. இன்று சில வீடுகளிற் புதுக் கதிரைக்குச் சுற்றிய பொலித்தீன் ஆண்டுகள் கடந்தும் கழற்றப்படுவதில்லை. பிள்ளை சுவரிற் கோடு கீறினால் அடி விழும். ஹோலிற் பந்து உருட்டினால் ஏச்சு விழும். வெளிநாட்டிலிருந்து எப்போதோ வரப்போகும் உறவினருக்காக வீடு காத்திருக்க, அதில் வாழ்கின்ற பிள்ளை கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் ஒதுங்குகின்றது. பிள்ளைகள் விளையாடுவதேயில்லை என்று பின்னர் பெற்றோர் கவலைப்படுவர்!

வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளின் நிலை இன்னொருவகை. கனடாவிலும் இலண்டனிலும் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகள் அனுப்பிய காசு அது. அந்த அன்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஐந்தாறு அறை கொண்ட வீட்டில் ஒரு தாய் மாத்திரம், குசினியும் அதனையடுத்த சிறிய அறையும் தவிர ஏனையவற்றைப் பூட்டிவிட்டு வாழ்வதை எமது ஊர்களில் எங்கும் காணலாம். அவருக்கு ஓய்வு நிறைய உண்டு. அந்த ஓய்வைப் பகிர ஆளில்லை. அயல் வீட்டுக் கிடுகு வேலி மதிலாக உயர்ந்ததன் பின் பொட்டுக்குள்ளால் போய்வந்து கதைத்த வழியும் அடைபட்டுவிட்டது. மேற்கூறிய ஆசிரியைக்கு நேரமில்லை. இந்த ஆச்சிக்கு நேரந்தான் சுமை. இரண்டும் வெவ்வேறு துன்பங்களெனினும், வீட்டைக் கட்டும்போது அதில் நிகழப்போகும் வாழ்வை எண்ணாமையே இரண்டிலும் தெரிகின்றது.

மீள்குடியேறிய ஊர்களில் இவ்விடயம் மேலும் சிக்கலாகின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தோரின் காணிகள் போர் முடிந்த பின் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, தாத்தாமாருக்கு அது பிறந்த மண்ணுக்குத் திரும்புதலாக இருந்தது. பற்றைகளை வெட்டிப் பழைய கிணற்றைக் கண்டுபிடித்து அழுதவர்கள் இருந்தனர். பேரப்பிள்ளைகளுக்கோ அது முன்பின் தெரியாத இடம். அவர்கள் பிறந்து வளர்ந்தது நலன்புரி நிலையத்திலும் வாடகை வீட்டிலும், கூட்டாளிகள் அங்கேதான். தாத்தா காலையில் எழுந்து முன்பு நின்ற அதே இடத்தில் மாங்கன்று வைப்பார். பேரனுக்கு அந்த மாமரத்தின் சுவை தெரியாது. ஒரே புதுவீட்டுக்குள் ஒருவர் ஊருக்குத் திரும்பியவராகவும் இன்னொருவர் ஊரை விட்டு வந்தவராகவும் வாழ்கின்றனர். இந்தப் பிளவை அறிவுரையாற் சேர்க்க முடிந்ததில்லை. தைப்பொங்கலை அண்டிக் காற்று எழும்போது, தாத்தா மூங்கில் சீவி, பேரன் கடதாசி ஒட்டி, விண் பூட்டி ஒரு கொடிப்பட்டம் கட்டி ஏற்றினால், அந்த விண் கூவுகின்ற இரவிலிருந்து அந்த வளவு இருவருக்கும் பொதுவாகின்றது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுகின்ற ஒன்று இவ்வாறு ஒரு குடும்பத்தை அந்த நிலத்தில் வேரூன்றச் செய்துவிடும். ஆனால் அதற்குப் பேரனின் சனி, ஞாயிறு முழுவதும் ரியூட்டரிக்கு எழுதிக் கொடுக்கப்படாதிருக்க வேண்டும்.

ஓய்வைப் பங்கிடுவது எவ்வாறு என்பது ஒவ்வொரு வீடும் தானே கண்டுகொள்ள வேண்டிய கணக்கு. ஞாயிறு பின்நேரம் மூன்று மணிக்குப் பின் அடுப்பு மூட்டுவதில்லை என்று தீர்மானித்த வீடுகள் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கும் தேங்காய் துருவவும் கோப்பை கழுவவும் பழக்குகின்ற தாய்மார் உளர். ஆம்பிளைப் பிள்ளையைக் குசினிக்குள் விடுவதா என்று முகம் சுழிக்கும் மாமிமாரும் உளர். அவர்களுக்கு மறுமொழி ஆலயத்திலேயே இருக்கின்றது. மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர் யார்? அன்னதான மடத்திற் கிடாரம் ஏற்றி, அகப்பை பிடித்து, ஐந்நூறு பேருக்குச் சோறும் சாம்பாரும் வடித்து இறக்குகின்றவர்கள் யார்? அங்கே வியர்க்க வியர்க்க நின்று, ஒரு பருக்கை சிந்தாமல் பரிமாறுகின்ற அதே கைகள், வீட்டு வாசலைத் தாண்டியதும் ஒரு தேநீர் ஊற்றத் தெரியாத கைகளாகிவிடுவது விந்தையே.

மகோற்சவத்தின் நிறைவில் நிகழும் பூங்காவனத் திருவிழாவை அடியவர்கள் அறிவர். கொடியேற்றம் முதல் தேர், தீர்த்தம் வரை வாகனங்களில் வீதி உலா வந்த சுவாமி, எல்லாம் முடிந்தபின் பூக்களாலும் குலைகளாலும் சோடிக்கப்பட்ட சோலையில் வீற்றிருக்கின்றார். தனியே அல்ல, அம்பாளோடு கூட வீற்றிருக்கின்றார். திருவூஞ்சலிலும் இருவருக்கும் ஒரே பலகைதான். ஒவ்வோர் ஆலயத்துக்கும் அவ்வவ்வூர்ப் புலவர்கள் பாடி வைத்த ஊஞ்சற் பாட்டை ஓதுவோர் ஓத, அடியவர்கள் மெல்ல ஆட்டிவிட, கூட்டம் கைகூப்பி நிற்கும். பெண்கள் பகுதியில் நிற்போர் பலர் அப்பாட்டைப் புத்தகம் பாராமலே கூடச் சேர்ந்து பாடுவர். தீபாராதனை முடிந்து, பிரசாதம் வாங்கி, நித்திரை தூங்குகின்ற பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு அவர்கள் வீடு திரும்பப் பத்து மணியாகும். விளக்கைப் போட்டால், காலையில் ஊறப்போட்ட உளுந்து குசினி மேசையில் அப்படியே இருக்கும். அன்றிரவு அதனை அரைப்பது யார் என்பது அந்தந்த வீட்டார் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.